நாற்பது நிமிடச் சீட்டு

பஸ் வந்து நிற்பதற்குள் சென்னம்மாள் பாதிச் சீட்டை எழுதி முடித்திருப்பார். தூரத்தில் தலைகாட்டும்போதே அது எந்த வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிடும். முன்கண்ணாடியில் விரிசல் ஓடியது காவேரிப்பட்டணம் வேன். ஒரு பக்க விளக்கு மட்டும் மஞ்சளாக எரிவது பர்கூர் பஸ். வண்டி நம்பரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். சக்கரம் நின்றதும் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மணியை எழுதி, சீட்டைக் கிழித்து, டிரைவரின் ஜன்னலுக்கு நீட்டுவார். அதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால், "எழுதறப்ப பேசாதீங்க" என்பார். கடுமையாகச் சொல்லமாட்டார். ஆனால் இரண்டாம் முறை யாரும் பேசியதில்லை.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் தகர ஷெட்தான் அவருடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு முக்காலி, ஆணியில் மாட்டிய கடிகாரம், நூலில் கட்டிய பேனா. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பதினொரு வண்டிகளும் அந்த ஷெட்டின் முன் நின்றுதான் போகவேண்டும். அங்கிருந்து தொழிற்சாலை கேட் வரை நாற்பது கிலோமீட்டர். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் நிர்வாகத்தின் உத்தரவு. எனவே நாற்பது நிமிடத்துக்கு முன்னால் எந்த வண்டியும் கேட்டை அடையக்கூடாது. சென்னம்மாள் புறப்பட்ட மணியை எழுதுவார். கேட்டில் காவலர் சேர்ந்த மணியை எழுதுவார். கழித்துப் பார்த்து நாற்பதுக்குக் குறைந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி. ஒரே மாதத்தில் மூன்று சுழி விழுந்தால் அந்த டிரைவருக்கு எங்கள் கம்பெனி வண்டியில் இடமில்லை.

மாலையில் இது தலைகீழ். கேட்டில் புறப்பட்ட மணி போட்ட சீட்டோடு வண்டிகள் சாலையின் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். சென்னம்மாள் ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நான்கு வழிச் சாலையைக் கடந்து போய், மைல்கல்லின் மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவார். வந்து சேர்ந்த மணியைப் போட்டு, வழியில் ஆன நிமிடத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அந்தத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். கிருஷ்ணகிரியிலிருந்து கடைசியாகப் புறப்படும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் இருக்கையில், மூன்று வருடமாகப் போய் வருகிறேன். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் டிரைவர்களின் குறைகள் எல்லாம் காதில் விழும். போலீஸ்காரர்கள் சாலையோரம் ஜீப்பை நிறுத்தி வேகம் அளக்கும் கருவியோடு நிற்பதைப் பற்றி அவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. அந்த இடம் வரும்போது காலை எடுத்துவிட்டு, தாண்டியதும் அழுத்தினால் போதும். சென்னம்மாளின் சீட்டுதான் அவர்களுடைய தலைவலி. மாதவன் என்றொரு டிரைவர் ஒருமுறை சொன்னார்: "போலீஸ் ஒரு எடத்துல நிக்குது. இந்தம்மா நாப்பது கிலோமீட்டரும் கூடவே வருது."

இன்னொரு வருத்தமும் உண்டு. சூளகிரியில் லாரி கவிழ்ந்து அரை மணி நேரம் நின்றுவிட்டால், ஷிப்ட் தவறிய தொழிலாளிகள் திட்டுவது டிரைவரைத்தான். விட்ட நேரத்தைப் பிடிக்கலாம் என்று மிதித்தால், ஒரு பக்கம் நின்ற நேரம் மறு பக்கம் பறந்த வேகத்தை மறைத்துவிடும். சீட்டில் ஒன்றும் தெரியாது. மாதவன் அதையே பழக்கமாக்கிக்கொண்டவர். முப்பது நிமிடத்தில் ஓசூரை எட்டிவிட்டு, சிப்காட் திருப்பத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பார். சீட்டில் உள்ள மணியோடு நாற்பதைக் கூட்டி, தன் செல்போனில் அந்த மணி வந்ததும் கேட்டுக்குள் நுழைவார். அவர் பெயரில் ஒரு சுழிகூடக் கிடையாது.

சென்னம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். எட்டாவது வரை படிப்பு. எண்ணுவது தெலுங்கில், எழுதுவது தமிழில், எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாதப்பனோடு சண்டை போடுவது கன்னடத்தில். அந்தக் கடையில் டீ வாங்கினால் உட்கார்ந்து குடிக்கமாட்டார். டம்ளரோடு ஷெட்டுக்கு வந்துவிடுவார். டிரைவர் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டார். மாம்பழக் காலத்தில் ஒரு டிரைவர் கூடையோடு இறக்கி வைத்தார். பத்து நாள் கழித்து, பழம் அழுகி ஈ மொய்க்க, அந்த டிரைவரே எடுத்துப் போகவேண்டியதாயிற்று. அதுவரை கூடை அதே இடத்தில்தான் இருந்தது.

இந்த வேலை அவருக்குக் கிடைத்த காரணத்தை எங்கள் வண்டிகளில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவருடைய கணவர் திம்மராயன் எங்கள் கேன்டீனில் வேலை பார்த்தவர். 2005 ஜூனில் ஒருநாள், அவர் வந்த வேன் வழியில் டயர் மாற்ற நின்றதில் தாமதமாகிவிட்டது. டிரைவர் அதைப் பிடிக்கப் பார்த்தார். மேலுமலைக் கணவாய் இறக்கத்தில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் திம்மராயன். அதற்குப் பிறகுதான் நாற்பது நிமிட விதி வந்தது; ஷெட் வந்தது; ஷெட்டில் உட்கார சென்னம்மாள் வந்தார்.

எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் மெஹபூப் பாஷா. ஐம்பத்தைந்து வயது. எல்லோருக்கும் பாய். கையில் வாட்ச் கட்டமாட்டார். செல்போனைப் பையில் போட்டு இருக்கைக்குப் பின்னால் மாட்டிவிடுவார். சீட்டை வாங்கியதும் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பிறகு வழியில் எங்கும் நிற்காமல், வேகமானியின் முள் ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவே அசையாமல், கேட்டில் கொண்டுபோய் விடுவார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, மிஞ்சிப் போனால் நாற்பத்து மூன்று நிமிடம். பல நாள் நான் என் வாட்ச்சில் பார்த்திருக்கிறேன்.

2007 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பாயை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வாரத்தில் மட்டும் அவருக்கு ஐந்து சிவப்புச் சுழிகள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஒருநாள் விடாமல், காலையில் முப்பத்தைந்து நிமிடத்தில் கேட்டை அடைந்திருக்கிறார் என்று சீட்டு சொன்னது. போக்குவரத்துப் பிரிவைப் பார்த்துக்கொண்ட சௌந்தரராஜன் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார். தான் வேகமாக ஓட்டவில்லை என்று பாய் ஒருமுறை சொன்னார். பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

செய்தி பஸ்ஸுக்குள் வந்தபோது நாற்பத்து நான்கு பேர் இருந்தோம். பாய் அப்படி ஓட்டவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் வருத்தப்பட்டோம். எழுதிக் கொடுக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன் நான். திங்கட்கிழமை மாதவன் எங்கள் பஸ்ஸை ஓட்டிவந்தார். முப்பது நிமிடத்தில் டீக்கடைக்குப் போய்விட்டோம். யாரும் ஒன்றும் எழுதவில்லை.

அன்று பத்து மணி வாக்கில் பாய் டவுன் பஸ் பிடித்து குருபரப்பள்ளிக்கு வந்தார். நடந்ததைச் சென்னம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் எழுந்து நின்றுகொண்டாராம். பாய் ஷெட்டுக்குள் வரவில்லை. வெளியே வெயிலில் நின்றபடி, சாயந்தர நோட்டை எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"காலைல முப்பத்தஞ்சு நிமிசத்துல பறந்தேன்னு சொல்றாங்க. சாயந்தரம் அதே வண்டிதான், அதே ஆளுதான். எத்தினி நிமிசத்துல வந்தேன்னு பாரும்மா."

சென்னம்மாள் நோட்டைத் திறந்தார். முந்தின வாரத்துக்கு முந்தின வாரம்: நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. முந்தின வாரம், திங்கள் தொடங்கி: நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு, ஐம்பது. சாலையில் நெரிசல் இருந்திருக்கும் என்று சொன்னார். இருக்கலாம் என்றார் பாய். எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்.

அவர் பஸ் ஏறும்வரை சென்னம்மாள் நோட்டை மூடவில்லை. மற்ற வண்டிகளின் வரிசைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பர்கூர் பஸ், காவேரிப்பட்டணம் வேன், எல்லாமே அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மாலையில் ஏழு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தன. பதினொரு டிரைவர்களும் ஒரே நாளில் மெதுவாக ஓட்டத் தொடங்க முடியாது. அந்தத் திங்கட்கிழமை காலையில் என்ன நடந்தது என்று யோசித்தார். கடிகாரம் நின்றிருந்தது. மாதப்பன் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டார். மாதப்பன் கடைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பி வைத்தார்.

மாதப்பன் கடையில் ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மதியம் ஒன்றே முக்காலுக்கு மாநிலச் செய்தி வரும். அன்று சென்னம்மாள் அதற்கு முன்பே கடையில் போய் நின்றார். செய்தி தொடங்கியது. கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்திரண்டு. ஷெட்டுக்கு வந்து பார்த்தார். அங்கேயும் ஒன்று ஐம்பத்திரண்டு.

காலையில் பால் வண்டி வருவதற்குள் அடுப்பு பற்றிவிட வேண்டும் என்பதற்காக மாதப்பன் கடிகாரத்தை எப்போதும் ஏழு நிமிடம் முன்னால்தான் வைத்திருப்பாராம். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றார். தனக்குத் தெரியாது என்றார் சென்னம்மாள். அன்று மட்டும் தமிழிலேயே சொன்னார், சண்டை போடவில்லை.

கணக்கு சாதாரணம்தான். ஷெட்டில் மணி ஏழு நிமிடம் கூட்டி எழுதப்பட்டது. கேட்டில் சரியான மணி எழுதப்பட்டது. காலையில் ஒவ்வொரு வண்டியின் ஓட்டத்திலும் ஏழு நிமிடம் குறைந்தது. ஐம்பது நிமிடத்தில் உருண்டு போகும் வேன்களுக்கு அதனால் கேடில்லை. மாதவன் சீட்டு மணியையும் செல்போன் மணியையும் ஒத்துப் பார்ப்பவர். சீட்டு முந்திப் போகிறது என்று முதல் நாளே கண்டுகொண்டு சிப்காட் பக்கத்து டீக்கடையில் ஏழு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தார். ஏன் என்று வெளியே சொன்னால், தான் டீக்கடையில் நிற்பது தெரிந்துவிடும். எனவே சொல்லவில்லை. அகப்பட்டது, சீட்டையே பார்க்காமல் ஒழுங்காக ஓட்டியவர்.

சென்னம்மாள் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. அப்படியே விட்டார். மாலை நான்கு மணிக்கு சௌந்தரராஜன் ஜீப்பில் வந்தபோது ரேடியோவில் கேட்டதையும் நோட்டில் பார்த்ததையும் சொன்னார்.

சௌந்தரராஜன் கெட்டவர் அல்ல. மதுரைப் பக்கத்துக்காரர், அந்த விபத்தன்று இறந்தவர்களை மருத்துவமனையிலிருந்து வாங்கி ஊருக்குக் கொண்டுபோனவர். நாற்பது நிமிட விதி அவருடைய யோசனைதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"முள்ளைத் திருப்பி வச்சிட்டு சும்மா இருங்க. நாளையில இருந்து எல்லாம் சரியாயிடும்."

"நாளைக்கு சரியாயிடும் சார். போன வாரம்?"

அப்போதுதான் அவர் உண்மையான காரணத்தைச் சொன்னார். அடுத்த மாதம் இந்த முறையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று மேலே முடிவெடுக்கப் போகிறார்கள். ஒப்பந்தக்காரர்கள் இதை எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். கடிகாரமே தப்பு என்று எழுத்தில் போனால், எழுதிய சீட்டு அத்தனையும் சந்தேகம் என்று ஆகிவிடும். ஷெட்டைப் பிரித்துவிடுவார்கள். சென்னம்மாளுக்கு வேலை போகும். அது மட்டுமல்ல.

"உங்க வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறந்தான் இது வந்துச்சு. இத எடுத்துட்டா மறுபடியும் பறப்பானுங்கம்மா. பாய்க்கு வேற எங்கயாவது வேலை கெடைக்கும்."

சென்னம்மாள் கடிகாரத்தை இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்துபோய் மாலை வண்டிகளுக்கு உட்கார்ந்துவிட்டார். சௌந்தரராஜன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஷெட் இல்லாவிட்டால் மேலுமலை இறக்கத்தில் இன்னொருத்தி வீட்டுக்காரர் போவார். அதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சீட்டாக வாங்கி மணி போடும்போதும் பாய் வெயிலில் நின்றதே கண்ணில் வந்ததாம்.

"பறக்கறவனப் புடிக்கத்தான் என்ன உக்கார வெச்சாங்க. நானு பறக்காதவனப் புடிச்சிட்டேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் பஸ்தான் காலையில் கடைசி வண்டி. ஷெட்டின் முன் நின்றபோது சென்னம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, என் வாட்ச்சில் மணி என்ன என்று கேட்டார். ஏழு முப்பத்தொன்று என்றேன். அவர் ஷெட் கடிகாரத்தைப் பார்த்து ஏழு முப்பத்தெட்டு என்று சீட்டில் எழுதினார். சீட்டை நீட்டவில்லை. கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றினார், ஷெட்டைப் பூட்டினார், முன்வாசலில் ஏறினார். நான் எழுந்து இடம் விட்டேன். கடிகாரத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டு அவர் கையிலேயே இருந்தது.

மாதவன் திரும்பிப் பார்த்தார்.

"எங்கக்கா?"

"கம்பெனிக்கு. நீங்க போங்க. அறுவதுக்கு மேல மட்டும் போவாதீங்க."

அவர் பின்னால் உட்கார்ந்திருக்கையில் மாதவன் எப்படிப் பறப்பார்? ஐம்பத்தெட்டில் ஓட்டினார். பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. மேலுமலை இறக்கம் வந்தது. அந்த விபத்துக்குப் பிறகு சென்னம்மாள் அந்தப் பக்கமே வந்ததில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் வெளியே பார்க்கவில்லை; வேகமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அதிலிருந்து கண்ணை எடுத்தார்.

ஓசூரைத் தாண்டி டீக்கடைக்குப் பக்கத்தில் மாதவனின் கை தானாகவே கியரைக் குறைத்தது. பின் டயரில் காற்று குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது, இறங்கிப் பார்த்துவிடுகிறேன் என்றார். நின்றால் ஏழு நிமிடம் கூடிவிடும், சீட்டில் சிவப்பு விழாது என்று அவருக்குத் தெரியும்.

"நிக்க வேணாம். இன்னிக்கு ஒரு நாளு நேரா போங்க" என்றார் சென்னம்மாள். மாதவன் நேராகப் போனார்.

கேட்டில் காவலர் சீட்டுக்குக் கை நீட்டினார். சென்னம்மாள் இறங்கிப் போய்க் கொடுத்தார். காவலர் எட்டு பதின்மூன்று என்று எழுதினார், கழித்துப் பார்த்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பத்தைந்து நிமிடம். சென்னம்மாள் துண்டைப் பிரித்துத் தன் கடிகாரத்தைக் கேட் மேசையின் மேல், கேட் கடிகாரத்துக்குக் கீழே வைத்தார். ஒன்றில் எட்டு பதின்மூன்று. மற்றதில் எட்டு இருபது.

"நானு இதே வண்டியிலதான் வந்தேன். எங்கயும் பறக்கல. போன வாரம் பாயும் பறக்கல."

பணியாளர் பிரிவு அதிகாரி மோகனப்ரியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார். சென்னம்மாள் சொன்னதை முழுக்க நின்றபடியே கேட்டார். பேட்டரி மாற்றியது, மாதப்பன் கடை மணியைப் பார்த்து வைத்தது, ரேடியோ, நோட்டு, எதையும் சென்னம்மாள் விடவில்லை. நேற்றே தெரிந்தும் ஏன் முள்ளைச் சரிசெய்யவில்லை என்று மோகனப்ரியா கேட்டதற்கு, சரிசெய்துவிட்டால் தான் சொல்வதை யார் நம்புவார்கள் என்றார். சௌந்தரராஜன் பேசிய விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. சௌந்தரராஜனும் அங்கேதான் நின்றிருந்தார்.

பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது எழுதிக் கொடுப்பீர்களா என்று மோகனப்ரியா கேட்டார். நான் கொடுத்தேன். போன சனிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டியது. எனக்குப் பின்னால் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஷிப்ட் மணி அடித்த பிறகும் வரிசை நின்றது. மாதவன் போடவில்லை. ஆனால் கேட்டபோது, சீட்டு மணி ஏழு நிமிடம் முந்தி இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் வழியில் டீக்கடையில் நிற்கும் விஷயமும் வெளியே வந்துவிட்டது.

பாயின் ஐந்து சுழிகளையும் அடித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் சிவப்பு விழுந்த இன்னும் இரண்டு டிரைவர்களுக்கும் அப்படியே. சென்னம்மாளுக்குக் கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மோகனப்ரியாவிடம் கேட்டார். தெரிந்துகொண்டு, சரிதான் என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

முறையை எடுத்துவிடவில்லை. ஷெட்டுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். தினமும் காலையில் கேட்டிலிருந்து கூப்பிட்டு இரண்டு கடிகாரத்தின் மணியையும் ஒத்துப் பார்க்கிறார்கள். டிரைவர்களின் புலம்பலும் நிற்கவில்லை. சிப்காட் திருப்பத்துக்கு முன்னால் எங்கள் வண்டி எதுவும் நிற்கக்கூடாது என்று புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்ததில் அது கொஞ்சம் கூடத்தான் செய்தது. அந்தம்மா காட்டிக்கொடுத்துவிட்டது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். சௌந்தரராஜன் ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஜீப்பில் வந்து, ஷெட்டுக்கு மின்விசிறி போடவேண்டும் என்று அளவெடுத்துப் போனார்.

பாய் திரும்பி வந்தது வியாழக்கிழமை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறும்போது ஆளாளுக்கு அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனோம். பேருக்குச் சிரித்தார். குருபரப்பள்ளி வருகிறது என்றதும் பஸ்ஸுக்குள் எல்லோரும் ஷெட் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். இருவரும் என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்கும் ஆவல்தான்.

ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பஸ் நின்றது. சென்னம்மாள் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதினார். எங்கள் சீட்டில் அன்றுவரை வண்டி நம்பரும் மணியும் மட்டுமே இருக்கும். எழுதியவர் பெயர் போட இடமே கிடையாது. அவர் சீட்டைக் கிழிக்காமல் மறுபடியும் குனிந்தார். மணிக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், நுணுக்கி நுணுக்கி, சென்னம்மாள் என்று முழுப்பெயரையும் எழுதினார். பிறகு கிழித்து ஜன்னலுக்கு நீட்டினார்.